ரெஷன் கணவாயிலிருந்து கார்தா ஏரி வரை: ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் நிதானமான மிதிவண்டிப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஆல்ப்ஸ் மலையில் மிதிவண்டி என்றதும், கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சிரைக்க மேலேறும் பந்தய வீரர்களே பலருக்கும் நினைவுக்கு வருகிறார்கள். அந்த மலைகளுக்கு நடுவே ஆறுகள் செதுக்கிய பள்ளத்தாக்குகளில், கார்கள் நுழைய முடியாத தனிப் பாதைகளில், ஊருக்கு ஊர் நின்று காபி குடித்தபடி செல்லும் இன்னொரு வகைப் பயணமும் உண்டு. அதற்கு வீரமோ விலையுயர்ந்த வண்டியோ வேண்டியதில்லை. சமதளத்தில் இரண்டு மூன்று மணி நேரம் களைப்பின்றி மிதிக்கக்கூடிய எவரும் போகலாம்.

இந்த வழிகாட்டி வட இத்தாலியில் அதிஜே ஆற்றை ஒட்டிச் செல்லும் பாதையைப் பற்றியது. போ ஆற்றுக்கு அடுத்தபடியாக இத்தாலியின் மிக நீளமான ஆறு இது. ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ரெஷன் கணவாயருகே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பிறந்து, தென் திரோல், திரெந்தீனோ ஆகிய இரு மாநிலங்களின் வழியே தெற்கு நோக்கி இறங்குகிறது. நாம் அதன் கரையோடு ரோவெரேத்தோ வரை சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பி, கடல்மட்டத்துக்கு 65 மீட்டர் மேலே இருக்கும் கார்தா ஏரிக்கரையில் பயணத்தை முடிப்போம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 240 கி.மீ. இதை நான்கு நாளில் முடிப்பவர்கள் உண்டு. ஒன்பது நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை.

திசையும் நேரமும்

திட்டமிடும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: ஆறு ஓடும் திசையிலேயே போவது, காலையில் மட்டும் மிதிப்பது. மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் இவ்விரண்டையும் ஒட்டியே அமைய வேண்டும்.

திசைக்கான காரணம் வெளிப்படையானது. 1,400 மீட்டர் இறக்கம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. நேரத்துக்கான காரணம் காற்று. பகலில் மலைச்சரிவுகள் சூடேறும்போது அங்குள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பத் தெற்கேயுள்ள சமவெளியிலிருந்தும் ஏரிப்பகுதியிலிருந்தும் காற்று பள்ளத்தாக்கின் வழியே மேல்நோக்கிப் பாயும். வட்டாரத்தில் ‘ஓரா’ எனப்படும் இந்தத் தென்காற்று நண்பகலை ஒட்டித் தொடங்கி மாலை வரை நிற்காது. இரவில் மலை குளிர்ந்ததும் காற்று திரும்பி, விடியற்காலையில் வடக்கிலிருந்து இறங்கும். ஆகவே தெற்கு நோக்கிச் செல்பவர், குறிப்பாகப் பாதையின் நடுவே வரும் போல்சானோ நகருக்குக் கீழே, காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் முதுகில் இளங்காற்றோடு போகலாம். ஒரு மணிக்குப் புறப்பட்டால் தட்டையான பாதையிலும் மேட்டில் ஏறுவது போலத் திணற வேண்டியிருக்கும். பன்னிரண்டு மணிக்குள் அன்றைய ஊரை அடைந்துவிட்டால், பிற்பகல் முழுவதும் கோட்டைக்கும் சந்தைக்கும் நீச்சலுக்கும் மிஞ்சும். கீழே ஒரு நாளைக்கு 25 முதல் 40 கி.மீ. என்று பிரித்திருப்பது இந்தக் கணக்கில்தான்.

எப்போது போகலாம்

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதி வரையும், செப்டம்பர் முழுவதும் அக்டோபர் முதல் வாரமும் மிகப் பொருத்தமான காலம். ஏப்ரலின் பிற்பாதியில் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி ஆப்பிள் பூக்களால் வெண்மையாக இருக்கும்; ஆனால் கணவாயில் அப்போது பனி மிச்சமிருக்கலாம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் போல்சானோ இத்தாலியின் வெப்பமான நகரங்களில் ஒன்றாகிவிடுகிறது; மாலையில் இடிமழையும் அடிக்கடி வரும். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களின் பெரிய விடுமுறை என்பதால், அதை ஒட்டிய இரு வாரங்களில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை கூடுதல். அறுவடையைப் பார்க்க விரும்புவோருக்குச் செப்டம்பரே சிறந்தது. ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் வரை ஆப்பிள் பெட்டிகளை ஏற்றிய டிராக்டர்கள் பாதையைக் கடந்துகொண்டே இருக்கும்.

விசாவும் போய்ச் சேருவதும்

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு ஷெங்கன் விசா தேவை. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், மியூனிக்கில் விமானம் இறங்கினாலும் விண்ணப்பம் இத்தாலிக்கே போக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக விடக்கூடாது. கோடைக்கு முன் நேர்காணல் தேதி கிடைப்பதே சிரமம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் மிதிவண்டி ஓட்டும்போது ஏற்படும் விபத்தும் அடங்குமா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்; சில காப்பீடுகள் மிதிவண்டிப் பயணத்தைச் சாகச விளையாட்டு என்று விலக்கிவிடும்.

மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக போல்சானோவுக்கு நேரடி ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து மெரான், மெரானிலிருந்து வின்ஷ்காவ் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் கடைசி நிலையமான மால்ஸ், மால்ஸிலிருந்து பேருந்தில் ரெஷன். 1906-இல் திறக்கப்பட்ட அந்தச் சிறு பாதை 1990-இல் மூடப்பட்டு, மக்களின் வற்புறுத்தலால் 2005-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. இப்போது மின்மயமாக்கப் பணிக்காகச் சில காலம் ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடுவதுண்டு என்பதால், பயணத் தேதிக்குரிய கால அட்டவணையைப் பார்த்த பிறகே அறையைப் பதிவு செய்யுங்கள். விமானத்தில் வந்து இறங்கிய அன்றே மிதிவண்டியில் ஏற வேண்டாம். மால்ஸிலோ ரெஷனிலோ ஓர் இரவு தூங்கி எழுங்கள்.

மிதிவண்டியைத் தேர்வது

சொந்த வண்டியை விமானத்தில் கொண்டுபோவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தென் திரோலில் மால்ஸ், மெரான், போல்சானோ போன்ற ரயில் நிலையங்களை ஒட்டியே வாடகை மையங்கள் உள்ளன. ஓரிடத்தில் எடுத்து வேறோரிடத்தில் திருப்பித் தரலாம். ஆனால் அந்த வலைப்பின்னல் தென் திரோல் மாநிலத்துக்குள் மட்டுமே. கார்தா வரை போக வேண்டுமென்றால், பல நாள் வாடகைக்கு எடுத்து, பயண முடிவில் ரயிலில் போல்சானோவுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மால்ஸிலிருந்து கணவாய்க்கு மிதிவண்டியை ஏற்றிச் செல்லும் வாகனங்கள் கோடையில் உண்டு. இடம் குறைவாதலால் முன்பதிவு செய்யுங்கள்.

கியர் வைத்த சாதாரண ட்ரெக்கிங் வண்டி போதும். மின்விசை வண்டியைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். இறங்குமுகமான இந்தப் பாதைக்கு அது அவசியமில்லை. 25 கிலோ வரை எடையுள்ள அதை ரயில் படிகளில் தூக்கி ஏற்றுவது தனிப் பாடு. இருப்பினும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், பாதையிலிருந்து விலகி மலைமேல் உள்ள கோட்டைகளுக்கு ஏறிப் பார்க்க விரும்புவோருக்கும் அது நல்ல துணை.

வண்டியை வாங்கியதும் கடை வாசலிலேயே சில சோதனைகள் செய்யுங்கள். இருக்கையில் அமர்ந்து பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய உடல்வாகுக்குச் செய்த சட்டகம் நம்மில் பலருக்குப் பெரிதாக இருக்கும். உயரத்தைச் சொல்லிச் சிறிய அளவையே கேட்டு வாங்குங்கள், ‘இருக்கையைத் தாழ்த்தினால் சரியாகிவிடும்’ என்பதற்கு இணங்காதீர்கள். எந்தக் கைப்பிடி முன்சக்கரத்தைப் பிடிக்கிறது என்று வண்டியைத் தள்ளியபடியே அழுத்திப் பாருங்கள். பல ஐரோப்பிய வண்டிகளில் இடக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு உரியது. நம் ஊர்ப் பழக்கத்தில் இறக்கத்தில் அதை இறுக்கிப் பிடித்தால் தலைகுப்புற விழ நேரும். மாற்று டியூப், காற்றடிக்கும் சிறு பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல், பூட்டு ஆகியவை வண்டியோடு தரப்படுகின்றனவா என்று கேளுங்கள்.

மூட்டை

கேரியரின் இரு பக்கமும் தொங்கும் நீர்புகாப் பைகளில் எட்டு முதல் பத்து கிலோவுக்கு மேல் வேண்டாம். முதுகுப் பை வேண்டவே வேண்டாம். பெரிய பெட்டியோடு வந்தவர்கள், அதை விடுதியிலிருந்து விடுதிக்குக் கொண்டுசேர்க்கும் வாகன ஏற்பாட்டை விடுதிக்காரரிடமே கேட்கலாம்.

உடை விஷயத்தில் உயர வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஜூன் மாதக் காலையில் கணவாயில் ஐந்தாறு டிகிரி இருக்க, அதே வாரப் பிற்பகலில் போல்சானோவில் 30-ஐத் தாண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மெல்லிய உடைகள், காற்றும் மழையும் தடுக்கும் ஒரு மேலுடை, முதல் நாள் இறக்கத்துக்கு முழு விரல் கையுறை, பஞ்சு வைத்த இரண்டு அரைக்கால் சட்டைகள் ஆகியவை அவசியம். துப்பட்டாவும் தளர்ந்த கால்சட்டையும் சங்கிலியில் சிக்கும்.

தங்குவதும் உண்பதும்

ஊர்ப்புற விடுதிகளும், காலை உணவு மட்டும் தரும் சிறு இல்லங்களும், ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவே அறை வாடகைக்கு விடும் பண்ணை வீடுகளும் வழி நெடுக உள்ளன. பண்ணை வீடே என் விருப்பம். ஆனால் சில இடங்களில் ஓர் இரவுக்கு மட்டும் அறை தர மாட்டார்கள். பதிவு செய்யும்போது மிதிவண்டியை இரவில் பூட்டி வைக்கத் தனி அறை உண்டா என்று கேளுங்கள். தென் திரோலில் பெரும்பாலான விடுதிகள், உள்ளூர்ப் பேருந்திலும் ரயிலிலும் இலவசமாகப் போக விருந்தினர் அட்டை தருகின்றன; மிதிவண்டிக்கு மட்டும் தனிச் சீட்டு எடுக்க வேண்டும்.

சைவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். ரொட்டித் துண்டுகளைப் பாலில் ஊறவைத்து உருட்டி வேகவைக்கும் ‘க்னோடல்’ உருண்டையில் கீரை வகையும் பாலாடைக்கட்டி வகையும் உண்டு. இரண்டிலும் முட்டை இருக்கும். பார்ப்பதற்கு அதே போலிருக்கும் இன்னொரு வகையில் புகையூட்டிய பன்றி இறைச்சி கலந்திருக்கும். வாற்கோதுமைச் சூப் சைவம்போலத் தோன்றினாலும் பெரும்பாலும் இறைச்சியோடுதான் கொதிக்கிறது. கீரை அடைத்த, அரைநிலா வடிவ ‘ஷ்லுட்ஸ்க்ராப்ஃபன்’ நம்பிக்கையான தேர்வு. திரெந்தீனோ பகுதிக்கு இறங்கியபின் சோளமாவில் கிண்டிய பொலெந்தாவும் காளானும் எங்கும் கிடைக்கும். வின்ஷ்காவின் ‘ரை’ தானிய ரொட்டி, இரண்டு வட்டங்கள் ஒட்டிப் பிறந்தாற்போல் சுடப்படுவது. புளிப்பும் சோம்பு மணமும் சேர்ந்த அதை ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியோடு பையில் வைத்திருந்தால் பத்து மணிப் பசிக்கு வேறெதுவும் வேண்டாம்.

நேரக் கட்டுப்பாட்டை நம்மவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம். சமையலறை பகல் 12 முதல் 2 வரையும், மாலை 6 முதல் ஏறத்தாழ 9 வரையும்தான் இயங்கும். கடைகள் நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் சாத்தப்படும். ஞாயிறன்று சிற்றூர்களில் ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு உணவகத்துக்கும் வாரத்தில் ஒரு மூடல் நாள் உண்டு. ஊரின் ஒரே உணவகம் அன்று மூடியிருக்கலாம் என்பதால் விடுதியிலேயே இரவுணவு உண்டா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். குடிநீருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஊர் நடுவே கல்தொட்டியில் இரவும் பகலும் விழும் ஊற்றுநீரைப் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம், குடிக்க உகந்ததல்ல என்ற பலகை இல்லாத வரை.

பாதை ஒழுக்கம்

இத்தாலியில் வலப்பக்கம் செல்ல வேண்டும். தனிப் பாதையில் இது பழகிவிடும். ஊருக்குள் வட்டச் சந்திப்புகளில்தான் கை பழைய பக்கத்துக்கு இழுக்கும். பெரியவர்களுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் முதல் நாள் இறக்கத்தை நினைத்தாவது அணியுங்கள். இருட்டிய பின் ஊருக்கு வெளியேயும், சுரங்க வழிகளிலும் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி கட்டாயம். பாதை ஓரத்து ஆப்பிளைப் பறிப்பது திருட்டு. தோட்டத்து வாசலிலேயே உண்டியல் வைத்துப் பழம் விற்கும் பெட்டிகள் உண்டு, அங்கே வாங்கலாம். காலையில் மருந்து தெளிக்கும் இயந்திரம் வரிசைக்குள் ஓடுவதைக் கண்டால், அது திரும்பி அப்பால் போகும் வரை நின்று செல்லுங்கள். அவசர உதவிக்கு எண் 112.

முதல் நாள்: ரெஷன் – குளூர்ன்ஸ், சுமார் 27 கி.மீ.

புறப்பட்டவுடன் இடப்பக்கம் நீண்ட ஏரி; அதற்குள்ளிருந்து எழும் ஒற்றை மணிக்கூண்டு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது கிரௌன் என்ற ஊரின் தேவாலயத்துக்குரியது. மின்சாரத்துக்காக அணை கட்டி 1950-இல் நீர் நிரப்பியபோது 163 வீடுகளும் அவற்றைச் சுற்றிய வயல்களும் மூழ்கின. தேவாலயத்தைத் தகர்த்தவர்கள் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். வசந்தத்தில் நீர்மட்டம் தாழும்போது கோபுரத்தின் அடிவரை நடந்து போக முடிகிறது. கரையில் நின்று படம் எடுப்பவர்கள் பலர். இடம்பெயர்ந்தவர்களுக்காக மேட்டில் எழுந்த புது கிரௌன் பக்கம் போகிறவர்கள் சிலரே.

ஏரிக்குத் தெற்கே ஸாங்க்ட் வலென்டின் ஊரைத் தாண்டியதும் மால்ஸர் ஹைடே தொடங்குகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஓடைகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொட்டிய மண்ணும் கல்லும் விசிறிபோல் விரிந்து உண்டான சரிவு இது. ஆல்ப்ஸ் மலையில் இவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பன்னிரண்டு கி.மீ. அளவில் 550 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். பயணத்திலேயே கவனம் மிகத் தேவைப்படும் பகுதி இதுதான். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியபடி இறங்கினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். அழுத்தி வேகத்தைக் குறைப்பது, விடுவது, மீண்டும் அழுத்துவது என்று மாறிமாறிச் செய்யுங்கள். இரு பிடிகளையும் சேர்த்தே பயன்படுத்தி, வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கை வலித்தால் நிற்கலாம்; தெற்கே ஓர்ட்லர் சிகரத்தின் பனிமுகடு தெரியும் இடத்தில் நிற்பதற்கு வேறு காரணமும் தேவையில்லை.

வழியில் பர்கைஸ் ஊருக்கு மேலே வெள்ளைக் கோட்டைபோல் நிற்பது மரியன்பெர்க் மடம். 1,340 மீட்டர் உயரத்தில், ஐரோப்பாவின் மிக உயர்ந்த பெனடிக்ட் சபை மடங்களில் ஒன்று. அன்றிரவு தங்க குளூர்ன்ஸ். ஏறத்தாழ 900 பேர் மட்டுமே வாழும் இந்த ஊர் சட்டப்படி நகரம். சுற்றுமதிலும் மூன்று வாயில்களும் முழுமையாக நிற்கின்றன. 1499-இல் அருகில் நடந்த கால்வன் போரில் எரிந்துபோனபின் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் அது. பகலில் வந்த பேருந்துகள் போனபின் மதிலுக்குள் ஒரு சுற்று நடக்க அரைமணி நேரம் போதும்.

இரண்டாம் நாள்: குளூர்ன்ஸ் – காஸ்டெல்பெல், சுமார் 32 கி.மீ.

ஷ்லுடெர்ன்ஸில் கூர்பர்க் கோட்டையின் கவசத் தொகுப்பைப் பார்க்க விரும்புவோர் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். லாஸ் ஊரில் நடைபாதை விளிம்புக் கற்களே வெண்பளிங்கு. எதிர்மலையில் வெட்டும் இக்கல்தான் இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைச் சிலுவைகளாயிற்று.

இந்தப் பகுதியில் இருபுறமும் உள்ள மலைகளைக் கவனியுங்கள். தெற்கு பார்த்த சரிவு வறண்டு புல் மட்டும் முளைத்துக் கிடக்க, எதிர்ச்சரிவு அடர்ந்த ஊசியிலைக் காடாக இருக்கும். ஆல்ப்ஸ் மலையின் மிக வறண்ட பள்ளத்தாக்குகளில் ஒன்று வின்ஷ்காவ். ஆண்டு மழை ஏறத்தாழ 500 மி.மீ.தான். பனியாற்று ஓடைகளிலிருந்து நீரைப் பல கி.மீ. தூரம் சரிவோடு கொண்டுவரும் ‘வால்’ எனும் வாய்க்கால்களை நடுக்காலத்திலேயே வெட்டத் தொடங்கினார்கள். அவற்றைக் காக்க ஊரே தேர்ந்தெடுக்கும் ஒருவர் உண்டு. நம் ஏரிப்பாசனத்தின் நீர்க்கட்டி போன்றவர். வாய்க்காலில் பொருத்திய சிறு நீர்ச்சக்கரம் சுழலும்போது ஒரு சுத்தியல் மணியைத் தட்டிக்கொண்டே இருக்கும். மணியோசை நின்றால், எங்கோ அடைப்பு விழுந்து நீர் வரவில்லை என்று அறிந்து அவர் மண்வெட்டியோடு கிளம்புவார். சில வாய்க்கால்களில் இந்த மணி இன்றும் ஒலிக்கிறது. வாய்க்கால் ஓரத்துப் பாதைகள் நடப்பதற்கு மட்டுமே. மிதிவண்டியைக் கீழே பூட்டிவிட்டு, பிற்பகலில் ஏறி ஒரு மணி நேரமாவது நடந்து பாருங்கள். என் கணக்கில் இந்தப் பள்ளத்தாக்கின் சிறந்த காட்சி அதுதான், ஏரிக் கோபுரம் அல்ல.

மூன்றாம் நாள்: காஸ்டெல்பெல் – மெரான், சுமார் 30 கி.மீ.

நாட்டுர்ன்ஸ் ஊரில் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் சிறிய புனித ப்ரோகுலுஸ் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். உள்ளே, நடுக்காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்த சுவரோவியத்தில், கயிற்றில் அமர்ந்து ஊஞ்சலாடுவது போன்ற ஒரு மனிதர் நம்மைப் பக்கவாட்டில் பார்க்கிறார். பிறகு டோல் என்ற இடத்தில் பள்ளத்தாக்கு திடீரெனப் படியிறங்குகிறது. பாதை வளைந்து வளைந்து மெரான் நோக்கி 200 மீட்டர் இறங்கும். முதல் நாள் சொன்ன பிரேக் பாடம் இங்கே மீண்டும் தேவை.

மெரான் 325 மீட்டர் உயரத்தில் உள்ள, பனைகள் நிற்கும் வெந்நீர்க் குளியல் நகரம். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் ஓய்வெடுக்க வந்து தங்கிய பின் புகழ் பெற்றது. அவர் தங்கிய ட்ரவுட்மான்ஸ்டோர்ஃப் மாளிகையைச் சுற்றி இப்போது 12 ஹெக்டேர் தாவரத் தோட்டம் இருக்கிறது. மூன்று நாள் மிதித்த கால்களுக்கோ, நகர நடுவிலுள்ள வெந்நீர்க் குளங்கள் தோட்டத்தைவிட அதிகம் உதவும்.

நான்காம், ஐந்தாம் நாள்: போல்சானோ, சுமார் 32 கி.மீ.

மெரானிலிருந்து பாதை ஆற்றங்கரையோடு தட்டையாக ஓடுகிறது. ஐரோப்பிய ஆப்பிளில் சுமார் பத்தில் ஒரு பங்கு விளையும் நிலம் இது. ஏப்ரலில் உறைபனி அபாயம் உள்ள இரவுகளில் இங்கே மரங்களின்மேல் நீரைத் தெளிப்பார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைச் சுழியம் டிகிரிக்குக் கீழே போகவிடாமல் காக்கும் என்பதே அதன் சூட்சுமம். விடியலில் வருபவர் தோட்டம் முழுவதும் கண்ணாடி உறைக்குள் பூத்திருக்கக் காண்பார்.

போல்சானோவில் ஒரு நாள் மிதிவண்டிக்கு ஓய்வு கொடுங்கள். 1991 செப்டம்பர் 19 அன்று, 3,210 மீட்டர் உயரத்துப் பனியில் மலையேறிகள் கண்டெடுத்த, 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ‘ஓட்ஸி’ என்ற மனித உடல் இங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் குளிரறையில் வைக்கப்பட்டிருக்கிறது. சிறு சாளரம் வழியாகத்தான் பார்க்க முடியும். முன்பதிவு செய்யுங்கள், ஆண்டின் பெரும்பகுதியில் திங்களன்று விடுமுறை. வெயில் அதிகமானால் ரோப்கார் ஏறி ரிட்டன் மேட்டுநிலத்துக்குப் போய்விடலாம்.

ஆறாம், ஏழாம் நாள்: நொய்மார்க்ட் வழியாக திரெந்தோ, 25 + 40 கி.மீ.

இப்போது பாதை ஆற்றின் கரைமேட்டின் மேல். நேராக, நிழலின்றி, சற்றே சலிப்பாகவும் இருக்கும். அதிகாலைப் புறப்பாடு இங்கேதான் மிக அவசியம். சலிப்பை விரும்பாதோர் ஆறாம் நாள் மேற்கே விலகி, கால்டெர்ன் ஏரியையும் ட்ராமின் திராட்சைத் தோட்டங்களையும் சுற்றி நொய்மார்க்ட் வரலாம். சற்று ஏற்றம் உண்டு, ஆனால் ஆல்ப்ஸ் மலையின் மிக வெதுவெதுப்பான ஏரிகளில் ஒன்றில் நீந்தலாம். ஸலூர்னில் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்குகின்றன. முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு வந்த தென் திரோலில் இதுவரை ஜெர்மன் முந்தி ஒலித்தது. இந்தக் குறுக்கத்தைத் தாண்டினால் எல்லாம் இத்தாலியன். பாதையோரத்தில் மிதிவண்டிக்காரர்களுக்கென்றே நடத்தும் சிற்றுண்டிச் சாலைகளும் இதற்குப் பின் வரும்.

திரெந்தோ 1545 முதல் 1563 வரை கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடிய நகரம். புவோன்கன்சீலியோ கோட்டையின் கழுகுக் கோபுரத்தில், 1400-ஐ ஒட்டி வரைந்த, ஆண்டின் மாதங்களைக் காட்டும் ஓவியங்கள் உள்ளன. பனிப்பந்து எறியும் பிரபுக்களுக்கும் வைக்கோல் அறுக்கும் உழவர்களுக்கும் அங்கே சம இடம்.

எட்டாம் நாள்: ரோவெரேத்தோ, சுமார் 28 கி.மீ.

குறுகிய நாள். பேசேனோ கோட்டை இடப்பக்கக் குன்றில் தெரியும். ரோவெரேத்தோவில் முதல் உலகப் போரில் மோதிய நாடுகளின் பீரங்கிகளை உருக்கி 1924-இல் முதலில் வார்த்த மணி, இன்றும் ஒவ்வொரு மாலையும் 100 முறை ஒலிக்கிறது.

ஒன்பதாம் நாள்: ரீவா தெல் கார்தா, சுமார் 27 கி.மீ.

மோரியில் அதிஜே ஆற்றைப் பிரிந்து மேற்கே திரும்புங்கள். சான் ஜொவான்னி கணவாய் வெறும் 287 மீட்டர். பயணம் முழுவதிலும் ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ இது ஒன்றே, இறங்கித் தள்ளினாலும் பிழையில்லை. வழியில் நாணல் மூடிய லொப்பியோ சதுப்பு ஒருகாலத்தில் ஏரி. 1950-களில் அதிஜேயின் வெள்ளத்தைக் கார்தாவுக்குத் திருப்பச் சுரங்கம் தோண்டியபோது வற்றியது. 1439-இல் மிலான் படையை எதிர்க்க வெனிஸ் நாட்டார் தங்கள் போர்க்கப்பல்களை அதிஜே வழியே எதிரேற்றி, மாடுகளைப் பூட்டி இதே கணவாய்மேல் இழுத்து, கார்தா ஏரிக்குள் இறக்கினார்கள். நாகோவைத் தாண்டி ஏரி கண்ணில் படும்போது, அந்தச் சரிவில் கப்பலை இறக்கியிருப்பதன் கடுமை தானாகவே விளங்கும். தோர்போலே வரை இறக்கம் செங்குத்தானது; அங்கிருந்து ரீவா வரை ஏரிக்கரையோடு நான்கு கி.மீ. சமதளம். ஓரா எழும் முன் வந்துவிட்டால் ஏரி அமைதியாக இருக்கும். எழுந்தபின் காற்றுச் சறுக்குப் பாய்மரங்களால் நிறைந்துவிடும்.

ரீவாவில் ரயில் நிலையம் இல்லை. வண்டியை போல்சானோவில் ஒப்படைக்க வேண்டியவர்கள், மறுநாள் காலை அதே பாதையில் ரோவெரேத்தோ திரும்பி, மிதிவண்டிச் சின்னம் உள்ள பெட்டியில் உள்ளூர் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சேரலாம். விரைவு ரயில்களில் இடம் முன்பதிவு வேண்டியிருப்பதால் அவற்றைத் தவிருங்கள். இதே ரயில் தடம் போல்சானோ முதல் ரோவெரேத்தோ வரை நம் பாதைக்கு அருகிலேயே ஓடுவதால், ஆறாம் நாள் முதல் மழையோ களைப்போ வந்தால் எந்த ஊரிலும் மிதிவண்டியோடு ஏறி அடுத்த ஊரில் இறங்கிக்கொள்ளலாம். சீட்டை நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட்ட பிறகே ஏறுங்கள். மிதிவண்டிக்கான சீட்டுக்கும் அதே விதி.